ஸ்டாக்ஹோமில் ஒரு நாள்: வண்டி பாலத்தடியில், நாங்கள் கப்பலடியில்

கூடுவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியிலிருந்து, உள்ளேயே தங்கி உறங்கும் வசதியுள்ள கேம்பர்வேனில் புறப்பட்டு, டென்மார்க் வழியாகச் சுவீடன் சென்று திரும்பிய இருபது நாள் பயணத்தில், ஸ்டாக்ஹோமுக்கு என்று எங்களால் ஒதுக்க முடிந்தது ஒரு முழு நாள் மட்டுமே. அந்த நாளின் பாதியை நாங்கள் ஒரு கப்பலுக்குக் கொடுத்துவிட்டோம். வீடு திரும்பியபின் படங்களைப் பார்த்த உறவினர்கள், "அரண்மனை எங்கே? நோபல் விருந்து நடக்கும் மண்டபம் எங்கே?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதே வழியில் சென்று வந்தவர்கள், நாங்கள் செய்தது சரிதானா என்று சொல்லுங்கள்.

வண்டியில் நால்வர்: நான், என் மனைவி, பதினொரு வயது மகன், மாமனார். மாமனார் நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் உளியைக் கீழே வைத்தார். எங்கள் வண்டியின் நீளம் 5.99 மீட்டர். கோபன்ஹேகனுக்கும் மால்மோவுக்கும் இடையிலுள்ள ஓரெசுண்ட் பாலத்தில் ஆறு மீட்டரைத் தாண்டும் வண்டிகளுக்குக் கட்டணம் கூடுதல் என்பதால், அந்த ஒரு சென்டிமீட்டரின் அருமை அங்கே சென்றபோதுதான் விளங்கியது. மால்மோவிலிருந்து ஸ்டாக்ஹோம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். வழியில் வெட்டர்ன் ஏரிக் கரையிலுள்ள கிரென்னா என்னும் சிற்றூரில் நிறுத்தி, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய பெப்பர்மின்ட் மிட்டாய் வாங்கிக்கொண்டோம். கணவனை இழந்த அமாலியா எரிக்சன் என்னும் பெண் பிழைப்புக்காக 1859ஆம் ஆண்டு செய்யத் தொடங்கிய மிட்டாய் அது. இன்று அந்த ஊரே அதை வைத்துத்தான் பிழைக்கிறது.

ஸ்டாக்ஹோமில் லோங்ஹோல்மென் தீவில், வெஸ்டர்புரோன் பாலத்தின் நிழலில், கேம்பர்வேன்களுக்கென்று கோடைக்கால நிறுத்துமிடம் ஒன்று உண்டு. அங்கேதான் இரவு தங்கினோம். 1935இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய வளைவுப் பாலம் தலைக்கு மேல் செல்கிறது. பேருந்து போகும்போதெல்லாம் மெல்லிய அதிர்வு ஒன்று வண்டிக்குள் இறங்கி வரும். பக்கத்திலேயே 1975 வரை சிறைச்சாலையாக இருந்து இப்போது தங்கும் விடுதியாகிவிட்ட கட்டடம். ஜூன் மாதம் என்பதால் இரவு பத்து மணிக்குச் சூரியன் மறைந்து, நான்கு மணிக்கு முன்பே மீண்டும் உதித்துவிட்டது. கண்ணாடிகளுக்கு மறைப்புத் திரை எடுத்துச் செல்லாதவர்களுக்கு அந்த ஊரில் உறக்கம் இல்லை. மாமனார் மட்டும், "விடிஞ்சுதா, இன்னும் விடியலையான்னே தெரியல மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு மூன்றரை மணிக்கே எழுந்து தேநீர் போட்டுவிட்டார்.

வண்டியை அங்கிருந்து அசைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். ஹோர்ன்ஸ்டுல் நிலையத்திற்கு நடந்து சென்று, சிவப்புத் தடத்தில் ஸ்லுஸ்ஸன் வரை மெட்ரோ. அங்கிருந்து 82ஆம் எண் படகில் யூர்கோர்டன் தீவு. மெட்ரோவுக்கு எடுத்த பயணச்சீட்டே படகுக்கும் செல்லும். அந்தப் பத்து நிமிடப் படகுப் பயணத்தில் பழைய நகரமும் அரண்மனையும் ஒரு பக்கமாக விலகிச் செல்ல, எதிரே கூரையில் மூன்று பாய்மரத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடம் தெரிந்தது. அதுதான் வாசா அருங்காட்சியகம். அந்தத் தண்டுகள் அலங்காரத்துக்கு நிற்பவை அல்ல. உள்ளே இருக்கும் கப்பலின் பாய்மரங்கள் முழுமையாக நின்றிருந்தால் எவ்வளவு உயரத்தை எட்டியிருக்கும் என்பதைக் காட்டுபவை.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும் என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். போலந்துடன் போரிட்டுக்கொண்டிருந்த மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் கட்டுவித்த போர்க்கப்பல் வாசா. இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள். 1628 ஆகஸ்ட் 10ஆம் நாள், ஊரே கரையில் கூடி நிற்க, முதற்பயணம் புறப்பட்டு, சுமார் 1300 மீட்டர் சென்றதும் காற்று ஒரு தள்ளுத் தள்ள, கப்பல் சாய்ந்தது. மரியாதைக் குண்டு முழக்குவதற்காகத் திறந்து வைத்திருந்த பீரங்கி வாய்களின் வழியே நீர் புகுந்தது. ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். 333 ஆண்டுகள் 32 மீட்டர் ஆழத்தில் கிடந்து, 1961 ஏப்ரல் 24 அன்று மேலே வந்தது.

உள்ளே நுழைந்ததும் இருட்டு. மரம் கெடாதிருக்க வெளிச்சத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து வைத்திருக்கிறார்கள். கண் பழகப் பழக 69 மீட்டர் நீளமுள்ள அந்தக் கறுத்த உருவம் மெல்ல மெல்லத் தெரியத் தொடங்குகிறது. நான் எதிர்பார்த்தது சிதைந்த எலும்புக்கூடு ஒன்றை. கண்டதோ முழுக் கப்பல். அதில் 98 விழுக்காடு அதே பழைய மரம் என்கிறார்கள். மாமனார் அடிப்பக்கத்து நடைபாதையில் நின்று, ஒரு பலகையும் அடுத்த பலகையும் கூடும் இடத்தையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணித் துளைகளைச் சுற்றி இரும்புக் கறை படிந்திருந்தது. "ஓக்கு மரம்னு சொன்னாங்களே, தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை இல்லாத மரம். இது எப்படித் தண்ணியில நின்னுச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பிறகு வழிகாட்டி ஒருவர் சொன்ன செய்தி எங்கள் நாளையே மாற்றிவிட்டது. கப்பலுக்குள் தச்சர்கள் பயன்படுத்திய நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டு சுவீடன் நாட்டு அடி, பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்தவை. மற்ற இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடி, பதினொரு அங்குலமாகப் பகுத்தவை. அடியின் நீளமும் வேறு. ஒரே கப்பலின் இரு பக்கங்களில் வேலை செய்தவர்கள் இரு வேறு கோல்களை வைத்து அளந்திருக்கக்கூடும். உடலின் இடப்பக்கத்தில் மரம் கூடுதலாக இருப்பதும் உண்மை. இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமனார் சிரித்தேவிட்டார். "ரெண்டு முழக்கோல வச்சு ஒரு வீட்டுக்கு நிலை வச்சாலே கதவு சாத்தாது மாப்பிள்ளை. இவன் கப்பலே கட்டியிருக்கான்."

அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. நான்கரை மணி நேரம் ஆனது. மாலையில் சோடர்மால்ம் குன்றின் மேலுள்ள மோன்டேலியஸ் நடைபாதையில் அமர்ந்து, நீருக்கு அப்பால் நகர மண்டபத்தின் செங்கல் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே ஏலக்காய் ரொட்டி தின்றோம். எங்கள் ஸ்டாக்ஹோம் அவ்வளவுதான். தவறு செய்துவிட்டோமா?

---

திசைகாட்டி எழுதியது:

கூடுவண்டி அவர்களுக்கு, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்டுவிட்டீர்கள் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஆம், தவறுதான். பதினான்கு தீவுகளில் விரிந்து கிடக்கும் ஒரு தலைநகருக்குச் சென்று, கூரைக்கு அடியில் இருட்டில் நான்கரை மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். குழந்தை இருந்தால் இரண்டு.

நான் சென்றபோது காலையில் முதலில் நகர மண்டபம். 1923இல் திறக்கப்பட்டது, ராக்னர் ஓஸ்ட்பெரி வடிவமைத்தது, எண்பது லட்சம் செங்கற்கள். "நீல மண்டபம்" என்று பெயர் பெற்ற கூடத்தில் நீலமே இல்லை. நீலம் பூசுவதாகத்தான் திட்டம் இருந்தது. செங்கல்லின் சிவப்பைப் பார்த்தபின் அதை மறைக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. டிசம்பர் 10ஆம் நாள் நோபல் விருந்து அங்கேதான் நடக்கிறது. மாடியிலுள்ள தங்க மண்டபத்தின் சுவர்களில் ஒரு கோடியே எண்பது லட்சம் கண்ணாடி, பொன்தகட்டுத் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். கோபுரத்தைக் குன்றிலிருந்து பார்த்தோம் என்கிறீர்களே, அது கோயிலுக்குப் போய்க் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியது போலத்தான்.

அடுத்து காம்லா ஸ்டான் என்னும் பழைய நகரம். ஸ்டூர்டோர்யெட் சதுக்கத்தில் இன்று காப்பி குடிப்பவர்கள் அமர்ந்திருக்கும் கற்களின் மேல்தான் 1520 நவம்பரில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியன் பிரபுக்களையும் ஆயர்களையும் வரிசையாகத் தலைவெட்டினார். பக்கத்துத் தேவாலயத்தில், 1489இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் சிற்பம் இருக்கிறது; பறவைநாகத்தின் முதுகில் நீட்டிக்கொண்டிருப்பவை உண்மையான காட்டுமான் கொம்புகள். தச்சரான உங்கள் மாமனாருக்கு அதுவும் மரவேலைதானே? அதைக் காட்டாமல் விட்டுவிட்டீர்கள். மோர்ட்டன் ட்ரோட்சிக் சந்தின் குறுகிய முனையில் அகலம் 90 சென்டிமீட்டர். உங்கள் மகன் இரு கைகளையும் விரித்தால் இரு சுவர்களையும் தொட்டிருப்பான்.

---

மெலாரன்கரை எழுதியது:

இந்த நகரத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் இருவருக்கும் சில செய்திகள்.

முதலில், உங்கள் மாமனார் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் ஏறிவந்த படகின் அடியிலேயே இருந்தது. ஸ்டாக்ஹோம் ஓர் ஏரியும் ஒரு கடலும் சந்திக்கும் மதகின் மேல் அமர்ந்திருக்கும் ஊர். மேற்கே மெலாரன், நன்னீர் ஏரி. எங்கள் குழாயில் வரும் குடிநீர் அதிலிருந்துதான். கிழக்கே பால்டிக் கடல். ஏரியின் மட்டம் கடலைவிட ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரம் என்பதால் ஆண்டு முழுவதும் நன்னீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கிறது. பால்டிக்கின் இப்பகுதியில் உப்பு மிகக் குறைவு. கடலில் கிடக்கும் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு இந்த நீரில் வாழாது. வேறொரு கடலில் மூழ்கியிருந்தால் வாசா சில பத்தாண்டுகளில் சல்லடையாகியிருக்கும். மரம் நின்றதற்குக் காரணம் மரத்தைவிடத் தண்ணீர்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் படகேறிய ஸ்லுஸ்ஸன் என்ற பெயருக்கே மதகு என்றுதான் பொருள். அங்கே தங்க நிறத்தில் ஒரு பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். சீனாவில் செய்து, முழுதாகவே கப்பலில் ஏற்றி வந்து, 2020இல் திறந்தார்கள்.

இரண்டாவது, வண்டியைப் பற்றி. அதை அசைக்காமல் விட்டது நீங்கள் செய்தவற்றிலேயே சிறந்த காரியம். நகர மையத்திற்குள் நுழையவும் வெளியேறவும் நெரிசல் வரி உண்டு. 2006இல் சோதனையாகத் தொடங்கி, மக்களிடம் வாக்கெடுத்து, 2007இல் நிலைத்துவிட்டது. சாவடி எதுவும் இருக்காது. கேமரா எண்பலகையைப் படம் எடுக்கும், பட்டியல் வீட்டுக்கு வரும். 2015 முதல் வெளிநாட்டு வண்டிகளுக்கும் வருகிறது. வாடகை வண்டியானால் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள். நெரிசல் மிகுந்த நேரத்தில் ஒருமுறை கடப்பதற்கே 45 குரோனர் வரை ஆகும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் வரி இல்லை. ஆகவே சனிக்கிழமை மாலை வந்து, ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றிரவே வெளியேறுபவருக்கு ஒரு காசு செலவில்லை. பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: 2020 முதல் ஹோர்ன்ஸ்காத்தான் தெருவின் ஒரு பகுதி அவற்றுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. வழிகாட்டும் செயலி சில வேளைகளில் அதன் வழியாகவே இழுத்துச் செல்லும்.

பாலத்தடியில் இடம் இல்லையென்றால் தெற்கே பிரெடெங் முகாம் இருக்கிறது. வரி எல்லைக்கு வெளியே, ஏரிக்கு அருகில்; அதே சிவப்புத் தடத்தில் இருபது நிமிடத்தில் நகரத்துக்கு வந்துவிடலாம்.

திசைகாட்டி அவர்களே, உங்கள் பட்டியலில் விடுபட்டது தரைக்கு அடியில் இருக்கிறது. நூறு மெட்ரோ நிலையங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ உண்டு. மத்திய நிலையத்தின் நீலத் தடத்துக்கு இறங்கினால், குகை போல் விட்டுவிட்ட பாறைக் கூரையில் பெர் ஓலோஃப் உல்ட்வெட் 1975இல் தீட்டிய நீலக் கொடிகள் படர்ந்திருக்கும். ஒரு பக்கத்தில் அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்கள். நான் தினமும் அதன் கீழே நின்றுதான் வண்டி பிடிக்கிறேன், நிமிர்ந்து பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை.

---

புதுப்பயணி எழுதியது:

மிகப் பயனுள்ள இழை. அடுத்த கோடையில் நாங்கள் செல்ல இருக்கிறோம். இரண்டு ஐயங்கள். சுவீடனில் எவர் நிலத்திலும் எவரும் தங்கலாம் என்று ஓர் உரிமை இருக்கிறதாமே. அப்படியானால் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே காட்டோரத்தில் வண்டியை நிறுத்தி இலவசமாக உறங்கலாமா? அடுத்தது, தெருவோரப் பலகைகளில் ஒரே நேரத்தை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்களே, அது என்ன?

---

திசைகாட்டி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த உரிமையைத் தவறாகப் புரிந்துகொண்டு நடுஇரவில் எழுப்பிவிடப்பட்டவன் நான். அல்லேமன்ஸ்ரெட்டன் என்பது நடப்பவருக்கும், மிதிவண்டிக்காரருக்கும், ஓரிரவு கூடாரம் அடிப்பவருக்கும் உரிய உரிமை. சக்கரத்தில் எஞ்சின் பொருத்தியவருக்கு அது பொருந்தாது. சாலையை விட்டு இறங்கிப் புல்லிலோ காட்டு மண்ணிலோ வண்டியை ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். நான் இறக்கியது புல்லில். ஒரு முதியவர் கைவிளக்குடன் வந்து, கோபமே இல்லாமல், அது அவருடைய வைக்கோல் நிலம் என்று விளக்கினார். கோபப்பட்டிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பொதுவாக 24 மணி நேரம் வரை நிற்கலாம். அங்கே நாற்காலி, மேசை எடுத்துப் போட்டு வீடு நடத்தாமல் உறங்கிவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவே. கழிவறைப் பெட்டியைக் காலி செய்வதற்கென்று குறித்த இடம் இல்லாத எங்கும் அதைத் திறக்காதீர்கள்.

---

மெலாரன்கரை எழுதியது:

இரண்டாவதற்கு நான். பலகையில் அடைப்புக்குறி இல்லாமல் சாதாரணமாக எழுதிய நேரம் வாரநாள்களுக்கு உரியது. அடைப்புக்குறிக்குள் எழுதிய நேரம் சனிக்கிழமைக்கும் விடுமுறைக்கு முந்திய நாளுக்கும். சிவப்பில் எழுதியது ஞாயிறுக்கும் விடுமுறை நாளுக்கும். அதாவது "8–18" என்று மட்டும் இருந்தால் அந்தக் கட்டுப்பாடு சனிக்கிழமை கிடையாது. பலகையே இல்லாத இடத்தில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டுகிறார்கள்: பாதசாரிக் கடவைக்கு முன்னும், தெருச் சந்திப்பிலிருந்தும் பத்து மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது என்பது பலகை தேவைப்படாத பொது விதி. என் தம்பி லண்டனிலிருந்து வாடகை வண்டியில் வந்து, "எந்தத் தடையும் எழுதலையே அண்ணா" என்று பெருமையாக நிறுத்திவிட்டு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். இறங்கிப் பார்த்தபோது கண்ணாடியில் மஞ்சள் தாள். அளந்து பார்த்தோம், எட்டரை மீட்டர். அன்று அவன் சாப்பிட்டதுதான் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதிலேயே விலை கூடிய புட்டு.

---

கூடுவண்டி எழுதியது:

கருத்துரைத்த அனைவருக்கும் நன்றி. கப்பற்புழு பற்றி மெலாரன்கரை எழுதியதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

திசைகாட்டி அவர்களின் கண்டிப்பில் பாதியை ஏற்கிறேன். புனித ஜார்ஜ் சிற்பத்தை விட்டது உண்மையிலேயே இழப்புதான். படகுத்துறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்று. நகர மண்டபத்தைப் பொறுத்தவரை என் மனம் இன்னும் மாறவில்லை. வண்டியில் பயணம் செய்பவனுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் நிரப்புவது, கழிவை இறக்குவது, அடுத்த இடம் தேடுவது என்று மூன்று மணி நேரம் போய்விடுகிறது. மீதமிருப்பதை நான்கு துண்டாக்கினால், நான்கிலும் வாசலையும் கடையையும்தான் பார்ப்போம். எங்கள் நாள் கெட்டியாக இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. கப்பல் புறப்படுவதற்கு முன்பே அது நிலையற்றது என்று தெரிந்திருந்தது. முப்பது ஆட்களைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு கடற்படைத் தளபதி நிறுத்தச் சொல்லிவிட்டார். போர்முனையிலிருந்த மன்னரோ கப்பல் எப்போது வரும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கட்டத் தொடங்கிய டச்சுத் தச்சர் ஹென்ரிக் ஹிபெர்ட்சன் 1627இலேயே இறந்துவிட்டார். விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. இதைக் கேட்ட மாமனார் நெடுநேரம் பேசவில்லை. மாலையில் அந்தக் குன்றின் மேல் அமர்ந்திருந்தபோதுதான், தான் இளைஞனாக இருந்தபோது முதலாளியின் அவசரத்துக்காகப் பச்சை மரத்தில் செய்து கொடுத்த ஒரு கல்யாணக் கட்டிலைப் பற்றிச் சொன்னார். ஆறு மாதத்தில் வெடித்துவிட்டதாம். என் மனைவியும் அதுவரை கேட்டிராத கதை அது. ஒன்றரை மணி நேரத்தில் கப்பலைச் சுற்றிவிட்டு ஓடியிருந்தால் அது வந்திருக்குமா என்று தெரியவில்லை.

மெலாரன்கரை அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த நான்கு அளவுகோல்களின் சரியான அளவுகள், அங்குலப் பிரிவுகள் தெளிவாகத் தெரியும் படம் ஏதேனும் அருங்காட்சியகக் கடையில் கிடைக்குமா? மாமனார் இரண்டையும் மரத்தில் செய்து பார்க்க வேண்டும் என்கிறார். கை நடுங்குகிறதே என்றேன். பேரன் பிடித்துக்கொள்வானாம்.

---

மெலாரன்கரை எழுதியது:

வரும் வியாழக்கிழமை வேலை முடிந்து அந்தப் பக்கம்தான் படகில் வருகிறேன். கடையில் கேட்கிறேன், அங்கே இல்லையென்றால் அருங்காட்சியகத்துக்கே எழுதிக் கேட்டு அனுப்புகிறேன். எந்த மரத்தில் செய்யப்போகிறார் என்று மட்டும் சொல்லுங்கள். ஓக் வேண்டுமென்றால் இங்கே ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன்.